ஒயிட் கணவாயின் எஞ்சின்கள்

கனடா நாட்டின் இருப்புப்பாதை என்றால், கீழ்க்கடலையும் மேல்கடலையும் இணைத்துக் கண்டத்தின் குறுக்கே ஓடும் நெடும்பாதையே பலருக்கும் நினைவுக்கு வரும். அந்தப் புகழ் பெற்ற பாதையைப் பற்றி நூல்கள் பல உள்ளன. நாம் இன்று சொல்லப் புகுவது, அதே நாட்டின் வடமேற்குக் கோடியில் அமைந்த 110 மைல் நீளமுள்ள ஒரு சிறு பாதையின் கதை. அலாஸ்காவின் ஸ்காக்வே துறைமுகத்தில் தொடங்கி, மலையேறி, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் ஒரு மூலையைக் கடந்து, யூக்கான் பிரதேசத்தின் ஒயிட்ஹார்ஸ் நகரில் அது முடிந்தது. தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் மூன்றே அடி. மூன்று ஆட்சி எல்லைகளில் அமைந்தமையால், சட்டத்தின் பார்வையில் அது மூன்று கம்பெனிகள். மக்கள் வழக்கில் ஒன்றே: ஒயிட் பாஸ்–யூக்கான் இருப்புப்பாதை.

பெயரைப் பற்றி ஒரு சொல். நாள்தோறும் மொழிபெயர்ப்பில் உழலும் நமக்கு, இதனை 'வெண்கணவாய்' என்று பெயர்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போகக் கை துறுதுறுக்கும். அது பொருந்தாது. 1887ஆம் ஆண்டு, அந்நாளில் கனடாவின் உள்நாட்டு அமைச்சராக இருந்த தாமஸ் ஒயிட் என்பவரின் நினைவாக, நில அளவையாளர் வில்லியம் ஓகில்வி இட்ட பெயர் இது. பனியின் வெண்மைக்கும் இதற்கும் தொடர்பில்லை. பாதையின் மறுமுனையில் உள்ள ஒயிட்ஹார்ஸ் நகரின் பெயரோ உண்மையாகவே வெண்குதிரைதான். அங்கே யூக்கான் ஆறு பாறைகளில் மோதி நுரைத்தெழுந்த காட்சி குதிரையின் வெண்பிடரி போல் இருந்ததாம். அந்த நீர்வீச்சு 1958இல் எழுந்த அணையின் நீருக்குள் மூழ்கிவிட்டது. பெயர் மட்டும் நிற்கிறது.

1896 ஆகஸ்டில் க்ளாண்டைக் ஆற்றின் கிளையோடை ஒன்றில் தங்கம் கிடைத்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் தங்கமேற்றிய கப்பல்கள் ஸான்பிரான்ஸிஸ்கோவிலும் ஸியாட்டிலிலும் வந்து நின்றபோது, செய்தி காட்டுத்தீயெனப் பரவியது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் புறப்பட்டனர் என்பர். போய்ச் சேர்ந்தவர் அதில் பாதிக்கும் குறைவு. எல்லையில் நின்ற கனடியக் காவலர், ஓராண்டுக்கு வேண்டிய உணவின்றி எவரையும் உள்ளே விடவில்லை. கருவிகளும் சேர்ந்து ஒவ்வொருவர் சுமையும் ஒரு டன் அளவுக்கு வந்தது. அதை எப்படி மலைக்கு மேல் கொண்டுபோவது?

ஒயிட் கணவாய் வழியே சென்றவர்கள் குதிரைகளை நம்பினர். கொழுத்த விலை கிடைத்ததால், வண்டி இழுத்து ஓய்ந்து கசாப்புக்குப் போகவிருந்த கிழக்குதிரைகளெல்லாம் கப்பலேறி வந்தன. ஓட்டியவர் பலருக்குக் குதிரையைப் பழக்கவும் தெரியாது. சுமையைக் கட்டவும் தெரியாது. 1897–98இல் அந்த ஒற்றையடிப் பாதையில் மூவாயிரம் குதிரைகள் மடிந்தன என்று கணக்கிட்டுள்ளனர். கணவாய்க்கு அருகிலுள்ள ஒரு பள்ளத்துக்குச் 'செத்த குதிரைப் பள்ளம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. பக்கத்துக் கணவாயான சில்கூட்டில் டிலிங்கிட் என்னும் தொல்குடியினர் முதுகில் சுமை தூக்கிக் கூலி பெற்றனர். தலைமுறை தலைமுறையாக அந்த மலைவழி அவர்கள் ஆட்சியில் இருந்தது. இருப்புப்பாதை வந்தபின், குதிரைகளின் துன்பம் ஒழிந்தது. அந்த மக்களின் பிழைப்பும் உடன் ஒழிந்தது. இவ்விரண்டில் முன்னதை மட்டும் சொல்லிப் பின்னதை விட்டுவிடும் வழக்கம் பழைய நூல்களில் மிகுதி.

பாதை போட்டவர் மைக்கேல் ஹெனி என்ற ஒப்பந்தக்காரர். கனடாவில் பிறந்த ஐரிஷ் மரபினர். பணம் லண்டனிலிருந்து வந்தது. அந்த முதலாளிகளின் பொறியாளரான ஸர் தாமஸ் டான்கிரீட், மலையைப் பார்த்துப் பாதை முடியாது என்றிருந்தார். ஸ்காக்வேயில் ஒரு விடுதியில் ஹெனி அவரைத் தற்செயலாகச் சந்தித்து, இரவெல்லாம் பேசி, விடியுமுன் முடியும் என்று மனம் மாற வைத்தார் என்பது அவ்வட்டாரத்தில் வழங்கும் கதை. 1898 மே மாத இறுதியில் வேலை தொடங்கியது. ஆகஸ்டில் அட்லின் ஏரிப் பகுதியில் தங்கம் என்ற செய்தி வந்ததும், கூலியாட்களில் பெரும்பகுதியினர் வேலையை விட்டு ஓடினர்; ஓடும்போது கம்பெனியின் மண்வெட்டிகளையும் கடப்பாரைகளையும் கையோடு எடுத்துச் சென்றனர். அப்படியிருந்தும் 1899 பிப்ரவரி 20இல் முதல் ரயில் கணவாயின் உச்சியை எட்டியது. 1900 ஜூலை 29இல் கார்க்ராஸ் என்னுமிடத்தில் கடைசி ஆணி அறையப்பட்டது.

இனி எஞ்சின்களுக்கு வருவோம். இருபது மைலில் ஏறத்தாழ 2,900 அடி ஏற வேண்டும். நூறு அடி முன்னே போனால் கிட்டத்தட்ட நான்கு அடி மேலே போகும் செங்குத்து. பல்சக்கரம் பூட்டி ஏறும் பாதை அல்ல இது. வெறுந்தண்டவாளத்தில் வெறுஞ்சக்கரம் பிடித்து ஏற வேண்டும். அந்தப் பிடிப்பு, இயங்கு சக்கரங்களின்மேல் அழுந்தும் எடையைப் பொறுத்தது. ஆகவே பெரிய சக்கரம் பூண்டு விரைந்தோடும் எஞ்சின் இங்கே பயன்படாது. சிறிய சக்கரங்கள் ஆறோ எட்டோ ஒன்றோடொன்று பிணைந்த எஞ்சினே வேண்டும். சக்கரம் வழுக்கினால் தண்டவாளத்தில் தூவ மணலும் வேண்டும்.

இத்தகைய எஞ்சின்களைப் புதிதாகச் செய்வித்து வாங்க அன்று அவகாசம் இல்லை. கையில் கிடைத்ததை வாங்கினர். எண் 1, எண் 2 என்று பெயர் பெற்ற முதல் எஞ்சின்கள் இரண்டும் 1881ஆம் ஆண்டு ப்ரூக்ஸ் தொழிற்சாலையில் உருவானவை. ஏற்கெனவே வேறு பாதைகளில் உழைத்துவிட்டு வந்தவை. முன்னே இரண்டு சிறு சக்கரங்கள், பின்னே ஆறு இயங்கு சக்கரங்கள் கொண்ட 'மோகல்' இனம். 1898 ஜூலையில் ஸ்காக்வேயில் ஓடிய ரயில்தான் அலாஸ்காவின் முதல் ரயில். 1900இல் கம்பெனியார் எல்லா எஞ்சின்களின் எண்ணோடும் ஐம்பதைக் கூட்டி, 51, 52 என்று எண்ணை மாற்றினர். எதற்கென்று நாம் விசாரிக்கவில்லை. எண் பெரிதானால் கம்பெனியும் பெரிதாகத் தோன்றும் என்று நினைத்தார்களோ என்னவோ!

இவற்றைவிட வயதானவள் ஒருத்தி உண்டு. ஆம், 'ஒருத்தி' என்றே சொல்ல வேண்டும். அவள் பெயர் 'டச்சஸ்', அதாவது சீமாட்டி. 1878இல் பிலடெல்பியா நகரின் பால்ட்வின் தொழிற்சாலையில் பிறந்து, வான்கூவர் தீவில் வெல்லிங்டன் நிலக்கரிச் சுரங்கத்தில் கரி இழுத்துக் காலங்கழித்தவள். தனியாக நீர்வண்டி கிடையாது. கொதிகலத்தின்மேல் சேணம் போட்டாற்போல் தொட்டி வைத்த குட்டை எஞ்சின். ஒயிட் பாஸ் கம்பெனி இவளை வாங்கி, டாகிஷ் ஏரிக்கரைக்கும் அட்லின் ஏரிக்கரைக்கும் இடைப்பட்ட சிறு நிலத்துண்டில் விட்டது. பாதையின் நீளம் சுமார் இரண்டரை மைல். ஒரு பக்கத்தில் ஏரிக் கப்பல் வந்து ஆட்களையும் மூட்டைகளையும் இறக்கும். சீமாட்டி அவர்களை இழுத்துச் சென்று மறுபக்கத்துக் கப்பலில் சேர்ப்பாள். அங்கே எஞ்சினைத் திருப்ப வசதியில்லாததால், போகும்போது முன்முகமாகவும் வரும்போது பின்முகமாகவும் ஓடுவாள். முதல் உலகப் போர் முடியும் காலம்வரை இந்தப் பணி நடந்தது. பின்னர் பெட்ரோல் எஞ்சின் ஒன்று அந்த இடத்துக்கு வந்தது. உலகத்து இருப்புப்பாதை வரலாற்றில் இந்த இரண்டரை மைலுக்கு ஒரு வரிகூடக் கிடைக்காமல் போகலாம். அட்லினில் வாழ்ந்தவர்களுக்கோ மாவும் சர்க்கரையும் கடிதமும் வந்த வழி அதுதான். சீமாட்டி இன்று கார்க்ராஸ் நிலையத்துக்கு அருகே அமர்ந்திருக்கிறாள்.

பனியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பாதையைப் பற்றிச் சொல்ல இயலாது. மலைச்சரிவில் பனி ஆளுயரத்துக்கும் மேல் குவியும். அதை அகற்ற 1899இல் வந்தது சுழற்பனிவாரி. முன்புறம் அலகுகள் பொருத்திய பெருஞ்சக்கரம் ஒன்று சுழன்று பனியைச் சீவி, மேலேயுள்ள வாய் வழியாகத் தொலைவில் எறியும். அதனுள் கொதிகலமும் நீராவி இயந்திரமும் உண்டு. ஆனால் அவை சக்கரத்தைச் சுழற்ற மட்டுமே. தானாக ஓரடிகூட நகராது. ஆகவே பின்னால் எஞ்சின்களைப் பூட்டி அதைத் தள்ள வேண்டும். முன்னே இருப்பவர் பனியைப் பார்த்துச் சீழ்க்கை ஒலியால் குறிப்புக் கொடுக்க, பின்னே இருப்பவர் எதையும் காணாமல் அந்த ஒலியை மட்டும் நம்பித் தள்ளுவார். பார்ப்பவன் ஒருவன், தள்ளுபவன் ஒருவன். இடையே ஒரு சீழ்க்கை!

புதிய எஞ்சின்களும் வந்தன. 1900, 1901 ஆண்டுகளில் பால்ட்வினிலிருந்து பத்துச் சக்கர எஞ்சின்கள்; 1907இலும் 1908இலும் எட்டு இயங்கு சக்கரங்களுடன் எண் 68, எண் 69. இவற்றுள் 69 நெடுங்காலம் உழைத்தது. ஆனால், க்ளாண்டைக் தங்கவேட்டைக்காகத் தோன்றிய இந்தப் பாதை முடிவடைவதற்குள் வேட்டையே முடிந்துபோயிற்று. 1899இலேயே ஆயிரக்கணக்கானோர் டாஸன் நகரை விட்டு, அலாஸ்காவின் மேற்குக் கரையில் புதிதாகத் தங்கம் கண்ட நோம் என்னுமிடத்துக்குப் போய்விட்டனர். ஒயிட் பாஸைத் 'தங்கவேட்டை ரயில்' என்று சுற்றுலாத் துண்டுத்தாள்கள் கூறுவது பாதி உண்மையே. அதைக் காப்பாற்றியவை வெள்ளியும் ஈயமும் கலந்த தாதுவும், மளிகைச் சாமான்களும், கோடையில் வந்த பயணிகளும். வருமானம் குறைந்த அந்த ஆண்டுகளில் பழைய எஞ்சின்களைப் பழுது பார்த்துப் பழுது பார்த்தே காலம் தள்ளினர். நீண்ட முப்பது ஆண்டுகளுக்குப் பிறகே, 1938இல் எண் 70உம் 1939இல் எண் 71உம் புதிதாக வந்தன.

பிறகு போர் வந்தது. ஜப்பானியர் வடக்கே இறங்கக்கூடும் என்ற அச்சத்தால் அமெரிக்க ராணுவம் அலாஸ்கா நெடுஞ்சாலையை அமைத்தது. அதற்கான தளவாடங்களின் பெரும்பகுதி இந்த மூன்றடிப் பாதையில் போக வேண்டியதாயிற்று. 1942 அக்டோபர் 1இல் ராணுவம் பாதையைக் குத்தகைக்கு எடுத்தது. கொலராடோவிலிருந்தும் டென்னஸியிலிருந்தும் எஞ்சின்கள் வந்தன. அவை போதாமல், 1943இல் பால்ட்வின் தொழிற்சாலையிலிருந்து 190 முதல் 200 வரை எண்ணிட்ட பதினொரு புதிய எஞ்சின்களும் வந்து சேர்ந்தன.

நேயர்களே, இந்தப் பதினொன்றும் நமக்கு முற்றிலும் அந்நியமானவை அல்ல. இவை மீட்டர் பாதைக்கென்று அமெரிக்க ராணுவம் வகுத்த அமைப்பு. இங்கே சக்கரங்களின் இடைவெளியைக் குறைத்து மூன்றடிப் பாதைக்கு ஏற்றனர். இதே அமைப்புடைய எஞ்சின்கள் பெருந்தொகையாகக் கடல் கடந்து இந்தியாவுக்கு வந்தன. சீனத்துக்குப் போர்த்தளவாடம் அனுப்பும் பொருட்டு, 1944 மார்ச் 1 முதல் வங்காள–அஸ்ஸாம் ரயில்வேயின் 800 மைலுக்கு மேற்பட்ட பகுதியை அமெரிக்க ராணுவத்தினரே இயக்கினர். அங்கே இவை ஓடின. எட்டு இயங்கு சக்கரங்களின் முன்னும் பின்னும் இரண்டிரண்டு சக்கரங்கள் கொண்ட இந்த இனத்துக்கு 'மிகாடோ' என்று முன்பே பெயர் இருந்தது. 1897இல் ஜப்பானுக்காகப் பால்ட்வின் கட்டிய எஞ்சின்களால் வந்த பெயர். மிகாடோ என்பது ஜப்பானியப் பேரரசரைக் குறிக்கும் சொல். ஜப்பானோடு போர் மூண்டபின் பகைநாட்டுப் பேரரசர் பெயரால் எஞ்சினை அழைப்பதா என்று அமெரிக்கர் கருதி, தளபதி மக்கார்தரின் பெயரை அதற்குச் சூட்டினர். அதன் முதலெழுத்துகளும் போர்த்துறையின் முதலெழுத்துகளும் சேர்ந்தே, இந்திய ரயில்வேயில் 'எம்.ஏ.டபிள்யு.டி.' என்ற வகைப்பெயர் உண்டாயிற்று. போர் முடிந்து பல ஆண்டுகள் நம் மீட்டர் பாதைகளில் அவை ஓடின. தின்ஸுகியாவிலோ லம்டிங்கிலோ பணி புரிந்த தமிழர் சிலர், பெயரின் வரலாறு அறியாமலே அந்த எழுத்துகளை நாள்தோறும் படித்திருக்கக் கூடும்.

வடக்கே, போருக்குப்பின் கழிக்கப்பட்ட பழைய எஞ்சின்கள் சிலவற்றுக்கு விசித்திரமான முடிவு நேர்ந்தது. ஸ்காக்வே ஆறு கரையை அரித்து ரயில் நிலத்தை விழுங்க முனைந்தபோது, கல்லுக்குப் பதிலாக இவற்றை ஆற்றங்கரையில் உருட்டித் தள்ளினர். ஐம்பதாண்டு மலையேறிய இரும்பு, வெள்ளத்துக்கு அணையாயிற்று. இழிவாக நடத்திவிட்டனர் என்று வருந்துவோர் உண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை. காய்ச்சி உருக்கிக் கம்பியாக்கியிருந்தால் அடையாளமே இராது. ஆற்றில் கிடந்ததால்தான் பிற்காலத்தார் சிலவற்றையேனும் வெளியே எடுக்க முடிந்தது.

1954 முதல் டீசல் எஞ்சின்கள் வரலாயின. 1964இல் நீராவிப் பணி நின்றது. 1982 அக்டோபரில், தாதுச் சுரங்கம் மூடப்பட்டதால் பாதையே நின்றது. 1988இல் பயணிகளுக்காக மலைப்பகுதி மட்டும் மீண்டும் திறந்தது. 1898–99இல் வந்த சுழற்பனிவாரியை 1990களில் செப்பனிட்டுப் பனியில் மறுபடி இறக்கினர். எண் 51 ஒயிட்ஹார்ஸ் நகரத்து அருங்காட்சியகத்திலும், எண் 52 ஸ்காக்வேயிலும் நிற்கின்றன. 1956இல் விலைபோன எண் 69, தெற்கு டகோட்டாவிலும் நெப்ராஸ்காவிலும் அலைந்து, 2001இல் பழைய கம்பெனியாலேயே திரும்ப வாங்கப்பட்டது. தன் நூறாவது வயதில், 2008இல், மீண்டும் கணவாய் நோக்கி நீராவி விட்டது. மக்கார்தர்களில் 190 வட கரோலினாவிலும், 192 டென்னஸியிலும் கேளிக்கைப் பூங்காக்களில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு வட்டமடிக்கின்றன. 195 ஸ்காக்வேயிலேயே தங்கிவிட்டது.