ஓர் அங்குலத் தளர்வு

நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்தை மீறிய எஞ்சின் கூடாது என்பது அன்று ஜெனரல் மோட்டார்ஸின் உள்விதியாக இருந்தது. ஜான் டிலோரியன் தலைமைப் பொறியாளராக இருந்த பான்டியாக் பிரிவு, 1964ஆம் ஆண்டு மாடல் டெம்பெஸ்டில் 389 கன அங்குல எஞ்சினை விருப்பத் தேர்வாகச் சேர்த்து அவ்விதியைக் கடந்தது. அதுவே ஜிடிஓ. அமெரிக்க ‘மசில் கார்’ வரலாற்றை நாம் இவ்வாறு எஞ்சினிலிருந்தே தொடங்குகிறோம். அந்த 325 குதிரைத்திறனை ஓட்டுநரின் இடது கால் எவ்வாறு ஆண்டது என்று கேட்பதில்லை.

‘இசட் பார்’ எனும் இரும்புத் தண்டே அதற்கு விடை. அதன் ஒரு முனை அடிச்சட்டத்திலும் மறுமுனை எஞ்சினிலும் பொருந்தி, மிதியின் விசையைக் கிளட்ச் கவைக்குக் கடத்துகிறது. சட்டம் நிலையானது, எஞ்சினோ ரப்பர் தாங்கிகளின்மேல் முறுகுவது. இரண்டையும் இணைப்பதே தண்டின் தொழில். அதன் துன்பமும் அதுவே.

ஆகவே, பழைய வண்டியை மீட்டெடுப்போர் முதலில் சோதிக்க வேண்டியது எஞ்சின் தாங்கிகளை. அவை நைந்திருந்தால் தண்டு கோணிக்கொள்ளும், மிதி இறுகும். பின்னர் தேய்ந்த புஷ்களை மாற்றி, தண்டு தடையின்றிச் சுழல்வதை உறுதிசெய்து, கீழ்க்கம்பியின் மரையைத் திருகி, மிதியில் ஏறக்குறைய ஓர் அங்குலத் தளர்வு விடுவர். தளர்வே இல்லையெனில் பேரிங் ஓயாது சுழன்று தேயும், கிளட்ச் வழுக்கும். மிகுந்தாலோ கிளட்ச் முழுதும் விடுபடாது, கியர் நறநறக்கும்.

பின்னாளில் வந்த கேபிளுக்கும் ஹைட்ராலிக் குழாய்க்கும் எஞ்சினின் அசைவு பொருட்டன்று. மீட்டெடுப்போர் சிலர் அவற்றுக்கு மாறுகின்றனர். கால் நோகாது என்பது உண்மையே. ஆயினும் 1964இன் ஓட்டுநர் உணர்ந்த பளுவை அறிய விரும்புவோர், பழைய தண்டையே செம்மையாகப் பொருத்தட்டும் என்போம்.