துணியில் எழுந்த உருவமும் கவிஞரின் 'போல'வும்

நன்னூல் தந்த பவணந்தி முனிவரைக் கொங்கு நாட்டுச் சீனாபுரத்தவர் என்பர். சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் உருவகித்து, நூலுக்கு அப்பெயர் வந்த காரணத்தை அவ்விலக்கணம் விளக்குகிறது. பவானி ஜமக்காளமும் சிறுமுகைப் பட்டும் நெய்யும் மண்ணுக்கு இவ்வுருவகம் மிகப் பொருந்தும். எனினும், துணியில் அமைந்த உருவத்தைக் கண்டு கவி பாடுவது வேறொரு கலை. அதற்கு அரபு இலக்கியம் தரும் சிறந்த சான்றொன்றை இங்கு நோக்குவோம்.

ஹிஜ்ரி 337 (கி.பி. 948)இல் ஹலப் நகரத்து அமீர் ஸைஃபுத் தவ்லாவைப் புகழ்ந்து, அந்தாக்கியாவில் கவிஞர் முதனப்பீ ஒரு கஸீதா பாடினார். அமீரின் பட்டுக் கூடாரத்தில் சோலைகளும் புறாக்களும் விலங்குகளும் ரோமானிய மன்னரின் உருவமும் இடம்பெற்றிருந்தன. பகை விலங்குகள் ஒரே துணியில் பொருவதையும் இணங்குவதையும், முடிதரித்த மன்னர், தலைப்பாகையன்றி வேறு முடியில்லாத அமீருக்குப் பணிவதையும் கவிஞர் பாடினார். காற்றில் துணி அலையும்போது குதிரைகள் திரிவன போலவும், சிங்கங்கள் இரைக்குப் பதுங்குவன போலவும் இருந்தது என்றார்.

உருவங்கள் குறித்து மார்க்கம் எச்சரிப்பதை வாசகர் அறிவர். ஆயிஷா (ரலி) அவர்கள் தொங்கவிட்ட உருவத் திரையை நபி (ஸல்) அவர்கள் வெறுத்ததும், பின்னர் அது தலையணையாக்கப்பட்டதும் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளன. உருவம் சமைத்தோர், தாம் சமைத்ததற்கு உயிரூட்டுமாறு மறுமையில் ஏவப்படுவர் என்பதும் நபிமொழியே.

அவ்வாறாயின் இக்கவிதையை எவ்வாறு மதிப்பிடுவது? அரசவையின் ஆடம்பரத்திற்காக நாம் வாதாட வேண்டியதில்லை. ஆனால் கவிஞர் ஆண்ட 'கஅன்ன' என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டும். தமிழில் அது 'போல'. துணியை அசைத்தது காற்று. உருவத்திற்கு உயிருண்டு என்று கவிஞர் கூறவில்லை. ஓவியர் அஞ்ச வேண்டிய எல்லையை இச்சிறு சொல் கவிஞருக்குக் காட்டிக் கொடுக்கிறது.

தமிழிலும் இதற்கு நிகர் உண்டு. நெடுநல்வாடையில், கட்டிலின் மேலே துணியில் தீட்டப்பெற்ற திங்களையும் அதனைப் பிரியாத உரோகிணியையும் நோக்கி, தலைவனைப் பிரிந்த அரசி பெருமூச்செறிகிறாள். ஓவியம் அசையவில்லை, அவள் உள்ளமே அசைகிறது.

அமீரின் பட்டுக் கூடாரத்தை நாம் இன்று அறிவது கவிதை வழியாகவே. நம் வட்டாரத் தறிகளிலிருந்து இறங்கும் துணிகளும் ஒருநாள் நைந்துபோகும். அவற்றின் வேலைப்பாட்டைக் கண்டு கவி புனையும் இளையோர் நம்மிடையே பெருக வேண்டும். அவர்கள் எழுதுகோலில் அந்தப் 'போல' என்னும் அடக்கமும் நிலைத்திருக்க வேண்டும்.