விளையாடுறதுக்கு மாஸ்டர்ஸோ?

போன மாதம் சாண்ட்ரிங்ஹாமில் சின்னம்மா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பொறியியல் முடித்த தங்கச்சி, கணினி விளையாட்டுத் தொழில்நுட்பத்தில் முதுநிலை படிக்க விரும்புவதாக மெதுவாகச் சொன்னாள். சின்னம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“விளையாடுறதுக்கு மாஸ்டர்ஸோ? படிச்சுப்போட்டு வந்தா ஆர் வேலை குடுப்பினம்?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நானும் பொறியியலில் முதுநிலை முடித்து ஐடி வேலை பார்ப்பவன். ஏதாவது சொல்லியாக வேண்டும். அப்போது எனக்கு நினைவுக்கு வந்தவர் தாமஸ் அனந்தராமன். அன்று சாப்பாட்டுக்கு நடுவே அரைகுறையாகச் சொன்ன அவர் கதையை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி வரலாம்.

1980களின் நடுப்பகுதி. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கார்னகி மெலன் பல்கலைக்கழகம். அங்கே முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த மூன்று மாணவர்கள் சேர்ந்து செஸ் விளையாடும் இயந்திரம் ஒன்றைக் கட்டினார்கள். ஃபெங்-ஷியுங் ஷு தைவானிலிருந்து வந்தவர். மறே காம்பெல் கனடாக்காரர். மூன்றாமவர்தான் அனந்தராமன், பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் படித்துவிட்டு வந்தவர். மூன்று பேருமே ஊரை விட்டுப் படிக்க வந்தவர்கள்.

செஸ் ஏன் கணினிக்குக் கஷ்டம்? ஒரு நிலையில் சராசரியாக 35 நகர்த்தல்கள் சாத்தியம் என்று வையுங்கள். அதற்கு எதிராளியின் பதிலையும் சேர்த்தால் 35 × 35, அதாவது 1,225 வழிகள். நீங்கள் இரண்டு, அவர் இரண்டு என்று நான்கு நகர்த்தல்களுக்கே 15 இலட்சத்தைத் தாண்டிவிடும். எல்லாவற்றையும் பார்க்கப் போனால் ஆட்டம் முடியாது.

ஷு இதை வன்பொருளால் தாக்கினார். அடுத்து சாத்தியமான நகர்த்தல்களைக் கண்டுபிடிப்பதற்கென்றே ஒரு சிப்பை வடிவமைத்தார். அதை வைத்து உருவான ‘சிப்டெஸ்ட்’ 1987-ல் வட அமெரிக்கக் கணினி செஸ் போட்டியில் வென்றது. அடுத்து வந்தது ‘டீப் தாட்’. ஒரு நகைச்சுவை நாவலில் வரும் கணினியின் பெயர் அது. விநாடிக்குச் சுமார் 7 இலட்சம் நிலைகளை அது பார்த்தது.

ஆனால் வேகம் மட்டும் போதவில்லை. எந்த வழியில் இன்னும் ஆழமாகப் பார்ப்பது என்று இயந்திரத்துக்குத் தெரிய வேண்டும். மூவரும் சேர்ந்து ஒரு வழி கண்டார்கள். ஒரு நிலையில் ஒரே ஒரு நகர்த்தல் மட்டும் மற்ற எல்லாவற்றையும் விட மிக நல்லதாக இருந்தால், அந்த இடத்தில் ஏதோ பெரிதாக நடக்கிறது என்று பொருள். அங்கே மட்டும் வழக்கத்தை விட ஆழமாகப் பார். நாமும் அப்படித்தானே செய்கிறோம்? ராஜாவுக்கு ‘செக்’ வைத்து, தப்ப ஒரே வழி இருந்தால், அதற்கு அடுத்ததையும் யோசிக்கிறோம்.

இந்த யோசனை நல்லதாகத் தோன்றுகிறது. உண்மையிலேயே நல்லதா? அதை எப்படி அறிவது? அனந்தராமன் 1990-ல் முடித்த முனைவர் பட்ட ஆய்வேடு இதைப் பற்றியதுதான். கணினி செஸ்ஸில் எங்கே ஆழமாகத் தேடுவது என்ற கேள்வியைப் புள்ளியியல் கொண்டு ஆராய்ந்தார். விளையாட்டைப் படிப்பது என்றால் இதுதான். யோசனையை அளந்து பார்க்க விளையாட்டு ஓர் அளவுகோலாகிறது. வெற்றி தோல்வி வெளிப்படையாகத் தெரிவதால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள முடியாது.

1988-ல் சென்னைக்காரரான விஸ்வநாதன் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அதே ஆண்டு நவம்பரில், கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில், டென்மார்க்கின் கிராண்ட்மாஸ்டர் பென்ட் லார்சனை டீப் தாட் தோற்கடித்தது. ஆனால் அடுத்த ஆண்டு நியூயார்க்கில் உலக சாம்பியன் கேரி காஸ்பரோவோடு மோதியபோது இரண்டு ஆட்டங்களிலும் தோற்றது. அந்த வேகமும் போதவில்லை.

ஷுவும் காம்பெல்லும் ஐபிஎம் நிறுவனத்தில் அந்த வேலையைத் தொடர்ந்தார்கள். அதுவே ‘டீப் புளூ’ ஆனது. 1997 மே மாதம் அது காஸ்பரோவை 3.5–2.5 என்று வென்றது. உலகம் முழுக்கச் செய்தி.

அனந்தராமன் அப்போது அந்தக் குழுவில் இல்லை. அவர் செஸ்ஸை விட்டு விலகியிருந்தார். அதே 1997-ல் பட் மிஷ்ரா, டேவிட் ஷ்வார்ட்ஸ் ஆகியோருடன் மரபணு வரைபடம் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். டிஎன்ஏ இழைகளை நீட்டி, நொதிகளால் வெட்டி, நுண்ணோக்கியில் படமெடுத்து, துண்டுகளின் நீளத்தை அளப்பார்கள். அந்தப் படங்களில் பிழைகள் இருக்கும். சில வெட்டுகள் தெரியாது; சில வெட்டுகள் பொய்யாக இருக்கும். பல படங்களை ஒப்பிட்டு, எண்ணற்ற சாத்தியங்களில் எது உண்மையான வரைபடமாக இருக்கக்கூடும் என்று கணிக்க வேண்டும். பிட்ஸ்பர்க்கில் செஸ் பலகை முன்னால் படித்த பாடத்தின் சாயல் இதில் தெரிகிறதா?

அமெரிக்காவில்தான் இப்படி நடக்கும் என்று நினைக்காதீர்கள். அந்த மூன்று மாணவர்களின் தேடல் முறை 1990-ல் ‘ஆர்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்’ என்ற ஆய்விதழில் வெளியானது. அதே இதழில் 2011-ல் கணினி போக்கர் பற்றி ஒரு விரிவான கட்டுரை வந்தது. எழுதியவர்கள் ஜொனதன் ரூபின், இயன் வாட்சன். இருவரும் அப்போது நம் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் துறையில் இருந்தார்கள். செஸ்ஸில் எல்லாக் காய்களும் கண்ணுக்குத் தெரியும். போக்கரில் எதிராளியின் சீட்டுகள் தெரியாது. தெரியாததை வைத்துக்கொண்டு எப்படி முடிவெடுப்பது? மருத்துவர்களுக்கும் வங்கிகளுக்கும் தினமும் வரும் கேள்விதான் அது.

வேலையைப் பற்றிய பயம் பொய்யில்லை. முதுநிலைப் படிப்புக்குக் காசு செலவாகும். விளையாட்டு நிறுவனங்களில் இடம் கிடைக்கும் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள். அதனால் “எனக்கு கேம் பிடிக்கும்” என்பது மட்டும் காரணமாக இருந்தால் நானும் சின்னம்மா பக்கம்தான். கையில் ஒரு கேள்வி இருந்தால் கதை வேறு. அந்தக் கேள்விக்காகக் கற்றது, விளையாட்டு முடிந்த பிறகும் கூட வரும்.

தங்கச்சியிடம் நான் கேட்டதும் அதைத்தான்: “எந்தக் கேள்விக்கு விடை தேடப் போறாய்?” அன்று அவளிடம் பதில் இல்லை. இரண்டு வாரம் கழித்துத் தகவல் அனுப்பினாள். ஒரு விளையாட்டில் ஆயிரம் பாத்திரங்கள் ஒரே நேரத்தில் நடக்கும்போது, ஒன்றோடு ஒன்று முட்டாமல் ஒவ்வொன்றும் எப்படி வழி கண்டுபிடிக்கிறது? இன்னும் வேகமாகச் செய்ய முடியுமா?

சின்னம்மாவிடம் அதை வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்:

“அப்ப எங்கட மோட்டர்வே நெரிசலுக்கும் அது உதவுமோ?”