பழைய மோட்டார் கூறும் வரலாறு



வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன கல்வெட்டுக்களும் செப்பேடுகளும் கோட்டைகளுமே. மன்னாரில் வாழும் எமக்கு அத்தகைய சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. போர்த்துக்கேயர் 1560ஆம் ஆண்டில் எழுப்பி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை எங்கள் நகரின் வாயிலிலேயே நிற்கின்றது. கடலுக்கப்பால் மாதோட்டமும் திருக்கேதீச்சரமும் அதனினும் பழைய கதைகளைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. ஆயினும் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் கல்லன்று; இரும்பு. எங்கள் ஊரில் ஒரு வீட்டின் பின்புறக் கொட்டிலில் நிற்கும் பழைய இத்தாலிய மோட்டார் வண்டியொன்றைப் பற்றியே உங்களுடன் உரையாட விரும்புகின்றேன்.

அந்த வண்டி பியட் 1100 என்னும் இனத்தைச் சேர்ந்தது. 1958ஆம் ஆண்டு கொழும்பில் வாங்கப்பட்டது. இன்று அதற்கு உரியவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர். தந்தையார் வாங்கிய வண்டியைத் தம் கையாலேயே புதுக்கி வருகின்றார். “சிரங்கு பிடித்தவன் கையும் இரும்பு பிடித்தவன் கையும் சும்மா இரா” என்பது பழமொழி. விடிந்ததும் கொட்டிலுக்குள் நுழைந்தால் வெயில் ஏறிய பின்னரே அவர் வெளியே வருவார். மாலையில் நான் அவ்வழியே செல்லும்போது சிறிது நேரம் நின்று பார்ப்பதுண்டு. அவ்வாறு பார்த்து நின்றதிலிருந்து நான் கற்றுக்கொண்ட பாடமே இந்தப் பேச்சு.

பியட் 1100 ஒரு குடும்ப வண்டி. நான்கு கதவு, நான்கு சிலிண்டர், 1089 கன சென்ரிமீற்றர் கொள்ளளவு, பகட்டு ஒன்றுமில்லை. ஆனால் அதன் வமிசாவழியை ஆராய்ந்தால் வியப்பான செய்தியொன்று வெளிப்படுகின்றது. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியின் டூரின் நகரம் குண்டுவீச்சினால் சிதைந்தது. உலோகத்திற்கும் பணத்திற்கும் தட்டுப்பாடு நிலவிய அந்நாளில், பியேரோ டூசியோ என்னும் தொழிலதிபர் பந்தய வண்டிகள் செய்ய முனைந்தார். புதிய இயந்திரம் வார்ப்பதற்கு வசதியில்லை. எனவே கைக்கெட்டிய பொருளாகிய பியட் 1100 குடும்ப வண்டியின் இயந்திரத்தையும் உறுப்புகளையும் கொண்டே, பியட் நிறுவனத்தின் பொறியியலாளர் தாந்தே ஜியாக்கோசாவின் துணையுடன், சிசிட்டாலியா என்னும் வண்டியை உருவாக்கினார். 1947ஆம் ஆண்டு நடைபெற்ற மில்லே மிலியா என்னும் ஆயிரம் மைல் பந்தயத்தில், 54 வயதான தாசியோ நுவொலாரி சிறிய சிசிட்டாலியா ஒன்றைக் கொட்டும் மழையில் ஓட்டி, தம்மினும் பன்மடங்கு வலிய வண்டிகளைப் பின்தள்ளி இரண்டாம் இடத்தைப் பெற்றார்.

அதே 1947இல், டூரினைச் சேர்ந்த பினின் பரினா என்னும் கலைஞர் சிசிட்டாலியாவுக்கு மூடிய உடல் ஒன்றை வடிவமைத்தார். மர அச்சுக்களின்மேல் அலுமினியத் தகட்டை வைத்துக் கைச்சுத்தியலால் அடித்தே அவ்வுடல் உருவாக்கப்பட்டது. இணைப்புத் தெரியாமல் ஒரே தோல்போல் அமைந்த அந்த வடிவத்தை நியூயோர்க் நகரின் நவீனக் கலைக்கூடம் 1951இல் காட்சிக்கு வைத்தது. பின்னர் வண்டியொன்றைத் தனது நிரந்தரச் சேகரிப்பிலும் சேர்த்துக்கொண்டது. இத்தகைய வண்டிகள் ஏறத்தாழ 170 மட்டுமே செய்யப்பட்டன. பின்னாளில் அதே பினின் பரினாவின் கூடமே 1958இல் வெளிவந்த ஒஸ்டின் ஏ-40 வண்டிக்கும், அதனையடுத்து வந்த ஒஸ்டின் கேம்பிரிஜ் வண்டிக்கும் உருவம் வரைந்தது. கேம்பிரிஜ் வண்டியை நமது வீதிகளில் கண்டிராத நேயர் சிலரே இருப்பர். கலைக்கூடத்தில் விளக்கொளியில் நிற்கும் பந்தய வண்டியும், நம் சந்தைக்கு மீன்கூடை ஏற்றிச் சென்ற வண்டியும் ஒரே பட்டறையின் உறவினர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மன்னாரிலிருந்து நோக்கும்போது இக்கதைக்கு மற்றொரு கிளையும் உண்டு. பம்பாயிலிருந்த பிரீமியர் நிறுவனம் 1950களில் பியட் 1100 வண்டியை இந்தியாவிலேயே செய்யத் தொடங்கியது. பிற்காலத்தில் பத்மினி என்னும் பெயருடன் அவ்வினம் நூற்றாண்டின் இறுதிவரை வெளிவந்தது. பம்பாய் நகரின் கறுப்பும் மஞ்சளுமான பத்மினி வாடகை வண்டிகள் 2023ஆம் ஆண்டு ஒக்டோபரிலேயே விடைபெற்றன. இதனால் இத்தாலியில் என்றோ நின்றுபோன வண்டிக்கு வேண்டிய உறுப்புகள் இந்தியாவில் இன்றும் கிடைக்கின்றன. 1914ஆம் ஆண்டில் தொடங்கிய தலைமன்னார்–தனுஷ்கோடிக் கப்பற் சேவை நிலைத்திருந்தால், அவ்வுறுப்புகள் எங்கள் தீவின் முனையிலேயே வந்திறங்கியிருக்கும். 1964ஆம் ஆண்டுப் புயல் தனுஷ்கோடியை அழித்தது; பின்னர் இராமேசுவரத்திலிருந்து நடந்த சேவையும் 1980களில் நின்றுபோயிற்று. ஆகவே, கண்ணுக்கெட்டும் தூரத்திலுள்ள நாட்டிலிருந்து வரும் ஒரு வால்வு கொழும்பைச் சுற்றியே எங்கள் பெரியவரின் கொட்டிலை அடைகின்றது.

இனி, வீட்டில் ஒரு வண்டியைப் புதுக்கும் முறையைச் சிறிது கூறுவேன். முதல் வேலை சுத்தியல் எடுப்பதன்று, எழுதுகோல் எடுப்பது. கழற்றுவதற்கு முன் ஒவ்வோர் உறுப்பையும் படம்பிடித்து, கழற்றியபின் பெயரெழுதிய சீட்டைக் கட்டி, ஆணிகளைத் தனித்தனிப் பேணிகளில் இட்டு வைத்தல் வேண்டும். இதைச் செய்யாதவரின் வண்டி ஆண்டுக்கணக்கில் துண்டுகளாகவே கிடக்கும். இரண்டாவது, துருவை அறிதல். மன்னாரின் காற்றில் உப்புண்டு. உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்த உப்பீரம் இரும்பை உள்ளிருந்தே தின்னும். மேலே வர்ணம் பளபளக்க, கதவுகளின் கீழே ஓடும் பெட்டிவடிவச் சட்டம் உள்ளே உளுத்துப்போயிருக்கும். ஆகவே அடித்தகட்டைத் தட்டிப் பார்த்து, ஓசையால் நோயறிந்து, கெட்ட பகுதியை வெட்டி நல்ல தகட்டை ஒட்டுதல் வேண்டும். அலுமினிய உடலுடைய பந்தய வண்டிகளிலோ சங்கடம் இருமடங்கு. அலுமினியமும் இரும்பும் தொடுமிடத்தில் உப்புநீர் சேர்ந்தால் அவ்விடமே ஒரு சிறு மின்கலம்போல் இயங்கி, அலுமினியத்தை அரித்துவிடும். அத்தகைய வண்டிகளைப் புதுக்குவோர் இவ்விரு உலோகங்களுக்கும் இடையே காப்புப்பூச்சு இடுவதன் காரணம் இதுவே.

மூன்றாவது வேலை இயந்திரத்தைத் திறத்தல். பெரியவர் தம் வண்டியின் இயந்திரத்தைத் திறந்த நாளன்று நானும் உடனிருந்தேன். சிலிண்டர் தலையின் உட்புறத்தில் தார்போலக் கரி தடித்துக் கிடந்தது. சிலிண்டர்ச் சுவர்கள் அளவுக்கு மிஞ்சித் தேய்ந்திருந்தன. அந்தக் கரிக்கும் அந்தத் தேய்வுக்கும் காரணம் மண்ணெண்ணெய்.

1990ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டபின், போராளிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வடபகுதிகளுக்குப் பெற்றோல் செல்வது தடுக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் அன்று வீதிகளில் ஓடிய மோட்டார் வண்டிகள் பெரும்பாலும் மண்ணெண்ணெயிலேயே ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் எளிதில் ஆவியாகாது. எனவே முதலில் சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தைக் கிளப்புவர். அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். இதற்குப் பழைய வண்டிகளே ஏற்றவை. 1950களின் ஒஸ்டினுக்கும் பியட்டுக்கும் அழுத்த விகிதம் ஏறத்தாழ 7 மட்டுமே. தரங்குறைந்த எரிபொருளையும் அவை சகித்துக்கொண்டன. அழுத்த விகிதம் கூடிய புதிய வண்டிகள் திணறின. அரும்பொருட் கண்காட்சிக்கு உரியவையென்று கருதப்பட்ட வண்டிகள் நோயாளரையும் பிணங்களையும் மணமக்களையும் சுமந்தன. போர்க்காலத் தட்டுப்பாடு டூரினில் பந்தய வண்டியைப் பிறப்பித்தது. நமது தட்டுப்பாடோ சாகவேண்டிய வண்டிகளுக்கு மீண்டும் உயிர் கொடுத்தது.

அந்நாளில் பெரியவர் யாழ்ப்பாணத்தில் உத்தியோகம் பார்த்தவர். அவரது வண்டியின் இயந்திரத்தருகே, தகரப் பால்பேணியொன்று பற்றவைக்கப்பட்டிருக்கின்றது. அதன் அடியிலிருந்து மெல்லிய செப்புக் குழாய் ஒன்று காபரேற்றரை நோக்கிச் செல்கின்றது. நடுவே சிறிய திருகொன்று. பெற்றோல் துளிகளை விடுவதற்கு அவர் தாமே செய்துகொண்ட ஏற்பாடு அது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாம மக்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டபோது, வண்டி உறவினர் வீட்டுக் கொட்டிலில் விடப்பட்டது. போர் முடிந்து, 2010இல் மன்னாருக்குப் புதிய பாலம் திறக்கப்பட்ட பின்னரே அது லொறியில் ஏறி ஊர் வந்து சேர்ந்தது.

அந்தப் பால்பேணியைக் கண்டதும் நான் சொன்ன வார்த்தை இன்றும் எனக்கு வெட்கத்தைத் தருகின்றது. “இந்தத் தகரத்தைக் கழற்றி எறிந்துவிடுங்கள், ஐயா. 1958இல் இத்தாலியிலிருந்து வந்தபோது இருந்ததுபோலவே வண்டியைச் செய்துவிடலாம்” என்றேன். உதவிக்கு வந்திருந்த மெக்கானிக்கோ, இயந்திரத்தையே நீக்கிவிட்டு ஜப்பானிய இயந்திரம் பூட்டலாமென்றார். பெரியவர் இருவருக்கும் உடனே மறுமொழி சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, சிறிது நேரம் கழித்துச் சொன்னார்:

“மாஸ்ரர், 1958இலே இத்தாலிக்காரன் செய்ததைப் புத்தகத்திலே பார்க்கலாம். 1992இலே நாங்கள் செய்ததை எந்தப் புத்தகத்திலே பார்க்கிறது?”

1992ஆம் ஆண்டில் ஓரிரவு, அவருடைய மனைவியாருக்குப் பிரசவ வேதனை கண்டது. வீட்டில் மருந்துப் போத்தலொன்றில் மாதக்கணக்காகப் பொத்திவைத்த பெற்றோல் சிறிதே இருந்தது. அதனை அந்தப் பேணியில் ஊற்றி, திருகைத் திறந்து, விளக்கில்லாமல் வண்டியை ஆசுபத்திரிக்கு ஓட்டினார். பிறந்த மகள் இன்று வெளிநாட்டில் ஆசிரியையாக இருக்கின்றாள்.

முப்பது ஆண்டுகளாக மாணவருக்கு வரலாறு கற்பித்தவன் நான். கல்வெட்டைச் சுரண்டுவது குற்றமென்று வகுப்புக்கு வகுப்பு சொல்லி வந்தவன், கண்முன்னிருந்த கல்வெட்டொன்றைக் கழற்றி எறியுமாறு யோசனை கூறினேன்! எங்கள் கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். போர்த்துக்கேயர் கட்டியதை ஒல்லாந்தர் திருத்திக் கட்டினர். “1560இல் இருந்த கோட்டையே உண்மையானது” என்று பின்னவர் வேலைப்பாட்டையெல்லாம் இடித்து நீக்கினால், எஞ்சுவது வரலாறாகாது, வெறும் கற்குவியலே.

இதனை அறிஞர் உலகமும் ஏற்றுக்கொண்டுள்ளது. பழைய கட்டடங்களைப் பேணுவதற்காக 1964இல் வெனிஸ் நகரில் வகுக்கப்பட்ட சாசனம், ஒரு கட்டடத்திற்கு எல்லாக் காலத்தவரும் அளித்த பங்கு மதிக்கப்படல் வேண்டுமென்று கூறுகின்றது. அதனைப் பின்பற்றி, 1966இல் தோன்றிய பழைய வாகனங்களுக்கான சர்வதேசச் சம்மேளனம், டூரின் நகரின் பெயராலேயே வாகனங்களுக்கும் ஒரு சாசனத்தை அண்மையில் வகுத்தது. வண்டியைத் தொழிற்சாலையை விட்டுவந்த நாளைவிடவும் புதியதாக்கிக் காட்டுவது அதன் நோக்கமன்று. வண்டியின் வாழ்க்கை அதன் உடலில் எழுதிய அடையாளங்களையும் இயன்றவரை காப்பதே நோக்கம். 1927 முதல் 1957 வரை நடைபெற்ற மில்லே மிலியா, 1977 முதல் பழைய வண்டிகளின் ஊர்வலமாக மீண்டும் நடைபெறுகின்றது. அதில் கலந்துகொள்ளும் வண்டிகளின் பழம் பந்தய வடுக்களை இரசிகர் பெருமையுடன் போற்றுகின்றனர். பந்தயத்தின் வடுவுக்கு அத்துணை மதிப்பிருக்குமாயின், மகப்பேற்றுக்கு ஓடிய வண்டியின் வடுவுக்கு மதிப்பில்லையா?

இதனால் எதையுமே மாற்றலாகாதென்று நான் கூறவில்லை. உளுத்த சட்டத்தை மாற்றாவிடின் வண்டி வீதியில் முறியும். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து புதிய பிஸ்டன் பூட்டாவிடின் அது ஓடாது. தடுப்புக் கருவியில் பழமை பாராட்டுவது அறிவீனம். உயிருக்கு வேண்டியதை மாற்றுக. நினைவுக்கு வேண்டியதைக் காக்க. மாற்றியது எதுவென்று எழுதி வைக்க. இம்மூன்றுமே பெரியவர் தமது கொட்டிலில் கைக்கொள்ளும் விதிகள். கழற்றிய கரியைக்கூட அவர் ஒரு சிறு போத்தலில் இட்டு, ஆண்டையும் இடத்தையும் எழுதி வைத்திருக்கின்றார்.

நேயர்களே, 2009இன் பின்னர் எத்தனையோ பழைய வண்டிகள் எங்கள் கண்முன்னே பழைய இரும்பு வாங்குவோரின் தராசில் ஏறிச் சென்றன. நிறைக்கு விலை கிடைத்தது. கதைக்கு விலை கிடைக்கவில்லை. மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய கைவினைஞரும் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். எனது பாடசாலையின் உயர்தர வகுப்பு மாணவரிடம் இவ்வாண்டு ஒரு வேலை கொடுத்துள்ளேன். ஒவ்வொருவரும் தம் வீட்டிலோ அயலிலோ உள்ள ஒரு பழைய பொருளை, அதனை யார் செய்தார், யார் திருத்தினார், எப்பொழுது, எதனால் என்று முதியோரிடம் கேட்டு இரண்டு பக்கத்தில் எழுதிவர வேண்டும். தையல் இயந்திரம், வள்ளத்து இயந்திரம், நீரிறைக்கும் இயந்திரம் என்று வந்துகொண்டிருக்கின்றன. நீங்களும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் இதனைச் சொல்லிப் பாருங்கள்.

சென்ற மாதம் ஒரு மாலை, பெரியவர் அந்தப் பால்பேணியில் சிறிது பெற்றோல் ஊற்றித் திருகைத் திறந்தார். மூன்றாம் முறை சுழற்றியபோது இயந்திரம் உயிர்பெற்றது. கொட்டில் முழுவதும் புகை. அவர் அதனை நிறுத்தாமல், கைத்தொலைபேசியை இயந்திரத்தருகே நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுமுனையில் கேட்டுக்கொண்டிருந்தவள் அந்த மகளே.