செம்மண் கருத்திருக்கும் படங்கள்

என் பாட்டனாரின் ஒளிப்படம் ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. சுரங்கத்திலிருந்து மேலேறி வந்த தொழிலாளர் நால்வருடன் அவர் நிற்கிறார். உறவினர் பலரும் அதைப் பார்த்து, 'கலர் படமாக இருந்திருக்கலாம்' என வருந்துவர். எனக்கு அவ்வருத்தம் விளங்கியதில்லை. பிறவி முதலே எனக்கு நிறங்கள் தெரியா. கோலார் தங்கவயலின் தெருக்களும் எனக்கு அப்படத்தைப் போன்றே தோன்றுகின்றன.

இது சிவப்பையும் பச்சையையும் மயங்கிக் காணும் பரவலான குறைபாடு அன்று. விழித்திரையின் கூம்புச் செல்கள் செயலிழந்து, மங்கொளிக்குரிய கோல் செல்கள் மட்டுமே தொழிற்படும் நிலை. ஏறத்தாழ முப்பதாயிரம் பேரில் ஒருவருக்கு வாய்ப்பது. பசிபிக்கின் பிங்கெலாப் தீவில் மட்டும் மக்களில் ஐந்து முதல் பத்து விழுக்காட்டினர் இவ்வாறு பிறக்கின்றனர். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வீசிய பெரும்புயலுக்குத் தப்பிய இருபதின்மர் அளவிலான மக்களின் வழி பெருகிய குறை அது. 1994இல் அங்குச் சென்ற மருத்துவர் ஆலிவர் சாக்ஸ், இக்குறையுடையோர் இரவு மீன்பிடித்தலில் தேர்ந்தவர்களாக இருப்பதைப் பதிவு செய்துள்ளார்.

அவர்களுக்கு இரவுக் கடல். எனக்குச் சயனைடு மேடு. நண்பகலில் அது வெறும் வெண்மை, கண் கூசி நீர் வழியும். பொழுது சாய்ந்த பின்னரே மழைநீர் அரித்த ஓடைகள் அதன் சரிவில் ஒவ்வொன்றாய்ப் புலப்படும். அந்த அரைமணி நேரத்துக்காகவே நான் கேமராவைக் கையில் எடுத்தேன்.

கோல் செல்கள் சிவப்பொளியைப் பெரும்பாலும் உணர்வதில்லை. (கறுப்பு, சிவப்பு என்னும் சொற்களுக்குத் தொல்காப்பிய உரியியல் முதலில் கூறும் பொருள் சினம், நிறம் அடுத்தே வருகிறது. நானும் அவ்வரிசையில்தான் அவற்றைக் கற்றேன்.) ஒளிப்படக்கலைக்கும் நெடுங்காலம் இதே குறை இருந்தது. தொடக்ககாலத் தட்டுகள் நீலத்தையும் புற ஊதாவையும் மட்டுமே ஏற்றன. லாவெல் மைசூர் அரசிடம் சுரங்க உரிமை கோரிய அதே 1873இல்தான், சாயம் கலந்தால் தட்டு பிற நிறங்களையும் உணரும் என ஜெர்மனியின் வோகல் கண்டறிந்தார். எனினும் சிவப்பையும் உணரும் தட்டுகள் 1906இல்தான் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தன. அதற்குள் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே கால்நூற்றாண்டைக் கழித்துவிட்டது. சிவசமுத்திரத்து மின்சாரமும் 1902இலேயே வந்துவிட்டது.

ஆகவே அக்காலப் படங்களில் வானம் வெளிறியும் செம்மண் கருத்தும் கிடப்பது இயல்பு. ஆனால் மாநிறத் தோலும் அதே தட்டில் உள்ளதைவிட இருண்டே பதியும். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து ஆழத்தில் பாறை உடைத்த தமிழ்த் தொழிலாளரின் முகங்கள் நிழலாய்க் கரைய, துரையின் வெண்தொப்பி மட்டும் துலங்கி நிற்கும். அவ்விருளுக்குள் முகங்களைப் பிரித்தறிவது பிறரைவிட எனக்கு எளிது என்றே எண்ணுகிறேன். சாம்பலின் படிநிலைகளே என் அன்றாடம்.

தட்டின் குறையை வேதியியலின் மீது சுமத்தலாம். படத்தின் அடியில் துரையின் பெயரை மட்டும் எழுதி, மற்றவரைக் 'கூலிகள்' என்று முடித்த கையெழுத்துக்கு அத்தகைய விலக்கு இல்லை.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. பாட்டனாருடன் நிற்கும் நால்வரில் ஒருவரின் பெயரே எங்களுக்குத் தெரியும். படத்தைப் பெரிதாக்கி எடுத்துக்கொண்டு மாரிக்குப்பத்தின் மூத்தோரிடம் காட்டி வருகிறேன். சென்ற வாரம் ஒரு பாட்டி, இடக்கோடியில் நிற்பவரின் காதைத் தொட்டுக் காட்டி, தம் அண்ணன் என்றார்.