நான்காம் சிலுவை யுத்தமும் வெனிஸின் கடனும்

சிலுவை யுத்தங்களைக் கிறித்தவத்துக்கும் இஸ்லாத்துக்குமிடையே நிகழ்ந்த சமயப் போர்களாக மட்டும் விளக்கும் மரபு நெடுங்காலமாக நிலவிவந்துள்ளது. அவ்விளக்கத்துள் எளிதில் அடங்காதது 1202 முதல் 1204 வரை நடைபெற்ற நான்காம் சிலுவை யுத்தமாகும். ஜெருசலேமை மீட்கும்படி பாப்பரசர் மூன்றாம் இன்னசென்ற் விடுத்த அழைப்பை ஏற்றுத் திரண்ட படையின் பிரதான பகுதி, கைப்பற்றியவை இரண்டு கிறித்தவ நகரங்களையே. இதற்குரிய காரணத்தைப் படையினரின் பக்திக் குறைவிலன்றி, அவர்தம் தலைவர்கள் செய்துகொண்ட ஓர் ஒப்பந்தத்திலேயே தேடுதல் வேண்டும்.

1201இல் பிரெஞ்சுப் பிரபுக்களின் தூதுவர் அறுவர் வெனிஸை அடைந்து கப்பல் வசதி கோரினர். ஆளொன்றுக்கு 2 மார்க்கு, குதிரையொன்றுக்கு 4 மார்க்கு எனக் கூலி பேசப்பட்டது. 33,500 பேருக்கும் 4,500 குதிரைகளுக்குமாக மொத்தம் 85,000 வெள்ளி மார்க்கு. இதற்கு மேலாக வெனிஸ் தன் செலவிலேயே 50 போர்க்கப்பல்களை அனுப்பும்; வெல்லப்படுவனவற்றில் சரிபாதி அதற்குரியது. சமய யாத்திரையொன்றுக்கான ஏற்பாடு என்பதைக் காட்டிலும் வணிகக் கூட்டு முயற்சி ஒன்றின் சாயலே இதிற் காணப்படுகிறது.

ஆயின் மறு ஆண்டு வந்து சேர்ந்தோர் எதிர்பார்த்த தொகையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரே. பிரபுக்கள் தம் பொன், வெள்ளிப் பாத்திரங்களைக் கொடுத்த பின்னரும் 34,000 மார்க்கு எஞ்சியது. வெனிஸோ பிற வணிகத்தை ஒதுக்கிவைத்துக் கப்பல்களைக் கட்டி முடித்திருந்தது. முதியவரும் பார்வையற்றவருமான அதன் ஆட்சித் தலைவர் என்ரிக்கோ டாண்டோலோ, கடனைப் பிற்போடுவதற்குக் கேட்ட விலை அதிரியாத்திக் கரையிலிருந்த ஸாரா நகராகும். அந்நகரின் அதிபதியான ஹங்கேரி மன்னன் தானும் சிலுவை தரித்தவன் என்பது ஈண்டு நோக்கற்பாலது. பாப்பரசரின் தடையையும் மீறி 1202 நவம்பரில் ஸாரா வீழ்ந்தது. அதன் பின்னர், பதவியிழந்த பைசாந்தியப் பேரரசனின் மகன் அலெக்சியோஸ், தன் தந்தையை மீண்டும் அரியணையேற்றினால் 200,000 மார்க்கு தருவதாக வாக்களித்தபோது, கடனாளிகளான படைத் தலைவர்கள் அதனை ஏற்றுக்கொண்டதில் வியப்பில்லை.

இதனை வெனிஸின் திட்டமிட்ட சதியெனக் கொள்வாருமுளர். அத்தகைய சதியொன்றைக் கற்பிக்க அவசியமில்லை, கடனே போதுமானது. அதேவேளை, சமய நம்பிக்கையை வெறும் போர்வையெனத் தள்ளிவிடும் பொருளாதார விளக்கமும் பிழையே. ஸாராவைத் தாக்க மறுத்துப் படையைவிட்டு அகன்ற சீமோன் டி மொன்போர்ட் போன்றோரின் நம்பிக்கை போலியானதன்று. படையின் போக்கை நிர்ணயிக்கும் ஆற்றல் அந்நம்பிக்கைக்கு இருக்கவில்லை என்பதே உண்மை.

அலெக்சியோஸால் வாக்கைக் காப்பாற்ற இயலவில்லை. 1204இன் தொடக்கத்தில் அவன் கொலையுண்டான். அவ்வாண்டு ஏப்ரிலில் கொன்ஸ்தாந்திநோப்பிள் வீழ்ந்து மூன்று நாள் சூறையாடப்பட்டது. ஹாகியா சோபியா ஆலயமும் தப்பவில்லை. கொள்ளைப் பொருளிலிருந்து வெனிஸின் கணக்கு முதலிலே தீர்க்கப்பட்டது. எஞ்சியதைப் பங்கிட்டபோது குதிரை வீரப் பிரபு ஒருவனுக்கு 20 மார்க்கும், காலாட் படையினன் ஒருவனுக்கு 5 மார்க்கும் கிடைத்தன. சிறு வீரனாகப் போரிற் பங்குகொண்ட றொபேர்ட் டி கிளாரி, செல்வத்தைப் பெரியோரே அபகரித்துக்கொண்டு எளியோரை ஏய்த்தனர் எனத் தன் நூலிலே மனக்கசப்புடன் பதிவுசெய்துள்ளான்.