திண்ணைப் பள்ளியும் நினைவுக் கல்வியும்

அச்சுப் புத்தகமும் கரும்பலகையும் பரவுவதற்கு முன்னர் தமிழ்நாட்டு ஊர்களில் எழுத்தையும் கணக்கையும் கற்பித்து வந்த திண்ணைப் பள்ளிக்கூடம், நினைவாற்றலைக் கல்விக்குத் துணை செய்யும் ஒன்றாக அன்றிக் கற்றலின் முறையாகவே கருதியது. வீட்டுத் திண்ணையிலோ சாவடியிலோ கோயில் மண்டபத்திலோ கூடிய அப்பள்ளியில், தென்மாவட்டங்களில் அண்ணாவி என்றும் பிற இடங்களில் வாத்தியார் அல்லது உபாத்தியாயர் என்றும் அழைக்கப்பட்ட ஒரே ஆசிரியர், பெற்றோர் தந்த காசையும் நெல்லையும் கொண்டு வாழ்ந்து, வெவ்வேறு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரே இடத்தில் பாடம் சொன்னார். சுவடிகள் மிகச் சிலவே இருந்த அச்சூழலில், நினைவில் தங்காத பாடம் கற்ற பாடமாக எண்ணப்படவில்லை.

இப்பள்ளிகள் எவ்வளவு பரவியிருந்தன என்பதை, சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-ல் மாவட்ட ஆட்சியர்களிடம் கேட்டுப் பெற்ற கணக்கு காட்டுகிறது. அக்கணக்கைத் தொகுத்து அவர் 1826 மார்ச்சில் எழுதிய குறிப்பின்படி, 1,28,50,941 மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். அவர்களுள் பெண்பிள்ளைகள் 4,540 பேர் மட்டுமே. தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கும் அத்திண்ணை பெரும்பாலும் எட்டவில்லை. அதன் கல்வி முறையைப் பாராட்டும் எவரும் இவ்விரு குறைகளையும் மறைத்துப் பேசுவது முறையாகாது.

எழுத்துப் பயிற்சி மணலில் தொடங்கியது. தரையில் பரப்பிய மணலில் பிள்ளை விரலால் எழுத்தை வரைந்து, வரையும்போதே அதன் ஒலியை உரக்கச் சொல்ல வேண்டும். கை பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் அதனிடம் வந்து சேரும். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை முதலில் சொல்ல, மற்றவர்கள் ஒருசேரத் திருப்பிச் சொல்லும் வழக்கத்துக்கு முறை வைத்தல் என்று பெயர். கை, கண், நா, செவி ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் ஈடுபட்டதால், எழுத்து நான்கு வழிகளில் மனத்தில் பதிந்தது. 1623-ல் கன்னட நாட்டில் பயணம் செய்த இத்தாலியர் பியெத்ரோ தெல்லா வல்லே, கோயில் முகப்பொன்றில் சிறுவர்கள் ஆசிரியர் இல்லாமலே எண்களை இசையோடு பாடியும் மணலில் எழுதியும் தமக்குள் பயின்றதை வியப்போடு பதிவு செய்திருப்பதால், இம்முறை தமிழ் நிலத்துக்கு மட்டும் உரியதன்று என்பதும் அதன் பழமையும் விளங்கும்.

நினைவுப் பயிற்சியின் முழு ஆழமும் கணக்கில்தான் வெளிப்பட்டது. எண்சுவடி என்பது எண்வாய்பாடுகளின் தொகுப்பு. அதன் பகுதிகளாகப் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாற்று முதலியவை அமைந்தன. பின்ன எண்களைக் கற்பித்த பொன்னிலக்கத்தில், 320-ல் ஒரு பங்காகிய முந்திரி தொடக்க அலகு. இரண்டு முந்திரி அரைக்காணி, இரண்டு அரைக்காணி காணி, நான்கு காணி ஒரு மா, ஐந்து மா கால் என்று கூட்டிக் கூட்டி ஒன்று வரை ஏற வேண்டும். முந்திரியையும் 320-ஆகப் பகுத்த கீழ்முந்திரி, அதாவது 1,02,400-ல் ஒரு பங்கு, கூடத் தனிப் பெயர் பெற்றிருந்தது. நெல்லிலக்கம் முகத்தல் அளவைக்கு உரியது: ஐந்து செவிடு ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு உழக்கு, இரண்டு உழக்கு உரி, இரண்டு உரி நாழி, எட்டு நாழி குறுணி, பன்னிரண்டு குறுணி கலம். குழிமாற்றோ நிலப்பரப்பைக் கணிப்பதற்கான பெருக்கல் வாய்பாடு.

இவற்றை ஒப்பித்த சிறுவன் வெறும் சொல் வரிசையை ஒப்பிக்கவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. ஒவ்வொரு படியும் முந்தைய படியோடு ஒன்றைக் கூட்டிப் பெறப்பட்டதாகையால், வரிசையைச் சொல்வதே கணக்குப் போடுவதாக இருந்தது. பள்ளிக்கு வெளியே களத்தில் நெல் அளக்கும்போதும் கடையில் பொன் நிறுக்கும்போதும் அதே பெயர்கள் அவன் காதில் விழுந்தன. திண்ணைப் பள்ளிக் கணக்கை விரிவாக ஆராய்ந்த செந்தில் பாபு, அங்கு நினைவு என்பது கற்றலின் ஒரு முறையாகவே செயல்பட்டது என்று வாதிடுகிறார். எண்சுவடிகளின் அமைப்பு அவ்வாதத்துக்கு வலுவான சான்றாக நிற்கிறது.

இலக்கியக் கல்வியிலும் நூலின் வடிவமே நினைவுக்கு வழி வகுத்தது. ஆத்திசூடி அகர வரிசையில் அமைந்ததால் அடுத்த அடியை எழுத்தே நினைவூட்டியது. அந்தாதியில் ஒரு செய்யுளின் முடிவு மறு செய்யுளின் தொடக்கத்தைத் தந்தது. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு, பொருள்களையும் பெயர்களையும் விருத்தப்பாவில் தொகுத்த சொற்களஞ்சியமாகும். பல பொருள் தரும் சொற்களை அடுக்கும் அதன் பதினோராம் தொகுதி எதுகை வரிசையில் அமைக்கப்பட்டது. உ.வே. சாமிநாதையர் தம் 'என் சரித்திரம்' நூலில், மாலையில் வீடு திரும்பும் பிள்ளைகளிடம் ஆசிரியர் பூ, பறவை, ஊர் ஆகியவற்றின் பெயர்களைச் சொல்லி அனுப்பி மறுநாள் காலையில் கேட்கும் வழக்கத்தைக் குறித்திருக்கிறார். மறந்தவர்களுக்குத் தண்டனை உண்டு; அத்தண்டனைகளின் கொடுமையும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே.

ஆங்கிலேயர் இக்கல்வியை இரு வேறு விதமாகக் கண்டனர். எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற மகன்களுக்கான விடுதிப் பள்ளியை 1789 முதல் நடத்திய பாதிரியார் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியில் புகுத்தி, மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் வளர்த்து, 1797-ல் இலண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார்; மெட்ராஸ் முறை என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவியது. பெல்லாரி ஆட்சியர் ஏ.டி. கேம்ப்பெல் 1823-ல் அனுப்பிய அறிக்கையில், மூத்தோர் இளையோருக்குக் கற்பிக்கும் முறையைப் புகழ்ந்த அதே கை, பொருள் அறியாமல் செய்யுளை ஒப்பிக்கும் மாணவனைக் கிளிக்கு ஒப்பிட்டது. பேச்சுவழக்குக்கு எட்டாத பழைய செய்யுள்நடையைப் பொறுத்தவரை அக்குற்றச்சாட்டில் உண்மை உண்டு. கணக்குக் கல்விக்கு அது பொருந்தாது. ஆயினும் பின்வந்த கல்வி அதிகாரிகளிடம் நிலைத்தது அந்தக் கிளி உவமையே.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் நிறுவப்பட்ட பின், தேர்வும் சான்றிதழும் அரசு வேலையும் ஒரே பாதையாயின. 1860-களின் பிற்பகுதியில், பள்ளி ஆய்வாளர் முன்னிலையில் மாணவர் பெறும் தேர்ச்சிக்கேற்ப மானியம் அளிக்கும் திட்டம் மாகாணத்தில் நடைமுறைக்கு வந்தபோது, மானியம் நாடிய திண்ணை ஆசிரியர்கள் எண்சுவடியைத் தள்ளிவைத்து ஆய்வாளர் கேட்கும் பாடங்களுக்கே பிள்ளைகளைத் தயார்ப்படுத்த வேண்டியதாயிற்று. குருட்டு மனப்பாடத்தை ஒழிக்க வந்ததாகக் கூறிக்கொண்ட புதிய கல்வி, அன்றாட வாழ்வோடு தொடர்பற்ற பாடங்களைத் தேர்வு நாள் வரை மட்டும் நெஞ்சில் நிறுத்தும் மற்றொரு மனப்பாடத்தை வளர்த்தது. இரண்டில் வெறுமையானது பின்னதே என்று சொல்வதற்குப் போதிய காரணம் உண்டு.

எண்சுவடி உடனே அழிந்துவிடவில்லை. அச்சில் மலிவான சிறு நூலாக அது மேலும் பல பத்தாண்டுகள் விற்றது. அளவைகள் பழையனவாகவே இருந்த வரையில் அதற்குத் தேவையும் இருந்தது. 1957 ஏப்ரல் 1 அன்று நூறு காசுக்கு ஒரு ரூபாய் என்ற பதின்ம நாணய முறை நடைமுறைக்கு வந்து, அதைத் தொடர்ந்து 1960-களின் தொடக்கத்துக்குள் கிலோகிராமும் லிட்டரும் சந்தையில் கட்டாயமான பிறகு, முந்திரியும் காணியும் செவிடும் குறுணியும் பள்ளிப் பாடத்திலிருந்து நீங்கின.